பெண் கொடுத்த வீட்டுக்காரன்

1

என் மகள் ஜெனிற்றா சிங்கப்பூரில் ஒரு வங்கியில் வேலை செய்கிறாள் என்று பல வருடங்களாக எல்லோருக்கும் சொல்லி வந்தேன். டென்மார்க்கில் நான் இருக்கும் கிரின்ஸ்டெட்டில் சொன்னேன். எஸ்பியர்க்கில் கலியாண வீடுகளில் சொன்னேன். ஊருக்குத் தொலைபேசி எடுத்தபோது, இதை வாசிக்கிற உங்களிற் சிலருக்கும் சொல்லியிருக்கிறேன். அது பொய். விமானம் மாறுவதற்காக நின்றதைத் தவிர, அவள் ஒருநாளும் சிங்கப்பூரில் இருந்ததில்லை. இந்தோனேசியாவில் புளோரஸ் என்ற தீவின் நடுவே, கடல் கண்ணிற் படாத ஒரு மலைக் கிராமத்தில், விவசாயி ஒருவனை மணம் முடித்துக் கோப்பியும் நெல்லும் செய்கிறாள்.

பொய்யோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அவளுடைய கலியாணம் அந்த ஊரில் கலியாணமாகாமல் இருந்ததற்கும், அவளுடைய பிள்ளைகளுக்கு அங்கே ஓர் அடி நிலமும் இல்லாமற் போனதற்கும் நான்தான் காரணம். தெரியாமல் தொடங்கினேன், தெரிந்த பிறகும் தொடர்ந்தேன். இப்போது அது தீர்ந்துவிட்டது. தீர்ந்த சந்தோஷத்தில்தான் எழுதுகிறேன். ஆனால் சந்தோஷத்தை மட்டும் எழுதினால் அதுவும் இன்னொரு சிங்கப்பூர்க் கதையாகிவிடும்.

என் ஐயா யாழ்ப்பாணத்தில் இளவாலைப் பக்கத்தில் புகையிலையும் வெங்காயமும் செய்தவர். எனக்குத் தோட்டம் பிடிக்காது. கணக்குத்தான் என்னை அங்கிருந்து வெளியே தூக்கியது. பல்கலைக்கழகம், கணித ஆசிரியர் வேலை, சண்டை, டென்மார்க். கிரின்ஸ்டெட்டில் ஓய்வு பெறும்வரை ஒரு தொழிற்சாலையில் சாக்குச் சாக்காகத் தூள் கொட்டினேன். அதில் வெட்கமில்லை, பிள்ளைகள் படித்தார்கள். மகன் அருளுக்கு ஓகூஸ் நகரத்து வைத்தியசாலையில் வேலை. மகளும் ஓகூஸில்தான் படித்தாள். அவள் படித்தது பயிர்ச்செய்கை. கேட்டவர்களுக்கு நான் "உயிரியல்" என்றேன். பொய் அங்கேயே தொடங்கிவிட்டது.

படிப்பின் ஒரு பகுதியாகப் புளோரஸுக்குப் போனவள் அங்கே மார்செலைச் சந்தித்தாள். நாங்கள் கத்தோலிக்கர், அவர்களும் கத்தோலிக்கர். சமயத்தைச் சாட்டுச் சொல்ல எனக்கு வழி இருக்கவில்லை. நான் எதை விட்டு ஓடி வந்தேனோ, அதைத் தேடி என் மகள் இன்னொரு கண்டத்துக்குப் போய்விட்டாள் என்பதுதான் என் கோபம்.

கலியாணப் பேச்சுக்கு அங்கிருந்து தொலைபேசி வந்தது. மார்செலின் பெரியப்பாதான் அவர்கள் பக்கத்துப் பேச்சாளர். ஜெனிற்றா நடுவில் நின்று மொழிபெயர்த்தாள்.

"அப்பா, இவை குடுக்கல் வாங்கல் பற்றிக் கதைக்க வேணுமாம்."

"அதுக்கிடையிலை சீதனத்துக்கு வந்திட்டினமோ?"

"இல்லை அப்பா, இது வந்து..." அவளுக்குத் தமிழ்ச் சொல் வரவில்லை. டேனிஷில் தேடத் தொடங்கினாள். நான் பொறுக்கவில்லை.

"ஒரு சதமும் இல்லையெண்டு சொல்லு. தகப்பன் இல்லாத பிள்ளையெண்டு நினைச்சுக் கட்டச் சொல்லு."

தொலைபேசியை வைத்துவிட்டேன். சீதனம் கேட்கிறவர்கள் மீது எனக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் என்று நினைப்பீர்கள். நான் சீதனம் வாங்கித்தான் கட்டினேன், வீடும் நகையும். மாப்பிள்ளை பக்கம் வாய் திறந்தால் வேறு எதைக் கேட்கும் என்று எனக்கு நினைக்கத் தெரியவில்லை.

ஒரு கிழமை கழித்து என் மனைவி றீற்றா சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "இஞ்சருங்கோ, அவை கேக்கேல்லையாம். அவைதான் தரப்போகினமாம். குதிரையும் எருமையும். பொம்பிளையின்ரை தகப்பன் வந்து வாங்கினால்தானாம் கலியாணம் முடிஞ்ச மாதிரி."

"குதிரையை வாங்கி? கிரின்ஸ்டெட் பஸ் ஸ்டாண்டிலை கட்டுறதோ?"

அவள் சிரிக்கவில்லை. எனக்கு அப்போது எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் நான் போய் அந்தக் குதிரையின் கயிற்றைப் பிடித்தால், என் மகள் தோட்டக்காரன் பெண்சாதி என்பதை நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். போகவில்லை. அந்தப் பேச்சை வீட்டில் எடுக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டேன். றீற்றா அதன் பிறகு எடுக்கவில்லை.

றீற்றா நோயில் இறந்தபோது மகள் தனியாக வந்தாள். மார்செலுக்கு விசா எடுக்க நான் இங்கிருந்து அழைப்பு அனுப்பியிருக்க வேண்டும். நேரமில்லை என்றேன். நேரம் இருந்தது. கோவில் வாசலில் ஆட்கள் வந்து கைபிடித்தபோது, பக்கத்தில் நின்ற அவளைக் காட்டி, "மகள், சிங்கப்பூரிலையிருந்து வந்திருக்கிறா" என்றேன். ஒரு வயதுபோன அம்மா, "பாங்கிலை வேலை கஷ்டமோ பிள்ளை?" என்று கேட்டா. "ஓம் மாமி, கொஞ்சம் கஷ்டம்தான்" என்று என் மகள் சொன்னாள்.

பில்லுண்ட் விமான நிலையத்தில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனவள் திரும்பி வந்தாள். "அம்மாவுக்காகத்தான் வாய் திறக்கேல்லை அப்பா. இனி என்னை வேறை ஆராவா ஆக்காதேங்கோ."

2

சென்ற குளிர்காலத்தில் எஸ்பியர்க்கிலிருந்து சேவியரும் மனைவி பற்றிமாவும் வந்தார்கள். சேவியர் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் வாத்தியார் என்பதால் என்னை இன்றும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். தேத்தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

"சிங்கப்பூருக்குப் போறம் மாஸ்டர். மகளுக்கு மிளகாய்த்தூள் ஏதும் குடுத்து விடுறதெண்டால் தாங்கோ" என்றா பற்றிமா.

"எயாப்போட்டுக்கு அவவையே வரச் சொல்லிவிட்டால் எங்களுக்கு டாக்ஸிக் காசும் மிச்சம்" என்றார் சேவியர்.

மாற்றலாகிப் போய்விட்டாள் என்று சொல்ல வாய் திறந்தேன். ஹொங்கொங் என்ற பெயர்கூட நாக்கில் வந்து நின்றது. ஏனோ களைத்துப் போயிருந்தேன்.

"அவ அங்கை இல்லை."

"இடம் மாறிட்டாவோ?"

"ஒருநாளும் இருந்ததில்லை, சேவியர்."

பற்றிமா தேத்தண்ணீரைக் குடித்து முடித்துக் கோப்பையை வைத்தா. "அது தெரியும் மாஸ்டர்."

"என்ன தெரியும்?"

"இந்த யூலண்ட் பக்கம் இருக்கிற எல்லாத் தமிழருக்கும் தெரியும். பிள்ளை பேஸ்புக்கிலை வயலுக்கை நிண்டு படம் போடுறா. சிங்கப்பூரிலை எங்கை வயல்?"

"இவள்தான் சொன்னவள்" என்றார் சேவியர், "பார்சல் கேட்டுப் பாப்பம், மாஸ்டர் என்ன செய்யிறாரெண்டு."

"நான் மிளகாய்த்தூள் தந்திருந்தால்?"

"கொண்டுபோய்க் கறி வைச்சிருப்பம்."

மூன்று பேரும் சிரித்தோம். அவர்கள் கார் போன பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஒருவரும் நம்பாத பொய்யை இவ்வளவு காலமும் பாதுகாத்திருக்கிறேன். அதை உண்மைபோல நடிக்க வேண்டியிருந்த ஒரே ஆள் என் மகள்.

3

மறுநாள் காலை அவளுக்கு எடுத்தேன். வீட்டில் சிக்னல் இல்லாததால் மேட்டில் ஏறி நின்று திருப்பி எடுத்தாள். காற்று இரைந்தது.

"அப்பா? அருளுக்கு ஏதுமோ?"

"எல்லாரும் சுகம். சேவியரிட்டை உண்மையைச் சொல்லிப் போட்டன்."

"என்ன உண்மை?"

"நீ எங்கை இருக்கிறாயெண்டது."

"அவர் என்ரை படத்துக்கெல்லாம் லைக் போடுறவர் அப்பா."

"அந்தக் குதிரையை இன்னும் தருவினமோ?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாளா அழுதாளா என்று காற்றில் தெரியவில்லை. "அது செத்துப்போச்சு. அதின்ரை குட்டி வளந்து நிக்குது."

பிறகுதான் நிலத்தின் கதையைச் சொன்னாள். மலையூற்றிலிருந்து ஊரார் ஒரு வாய்க்கால் வெட்டிக் கொண்டு வந்திருந்தார்கள். அதனால், காடு மண்டிக் கிடந்த பழைய வட்ட நிலம் ஒன்றை வயலாகத் திறந்து, குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப் போகிறார்கள். பிரித்துவிட்டால் தலைமுறைக்கும் அதுதான் பங்கு. அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் பங்கு இல்லை.

"ஏன் இல்லை? மார்செலின்ரை பிள்ளையள்தானே?"

"இல்லை அப்பா. நீங்கள் வந்து வாங்கிற வரைக்கும் இஞ்சத்தை வழக்கப்படி பிள்ளையள் தாயின்ரை வீட்டுக்குத்தான் சேத்தி. அவைக்கு நிலமெண்டால் கிரின்ஸ்டெட்டிலைதான்."

கிரின்ஸ்டெட்டில் எனக்கிருப்பது வாடகை வீடும் பல்கனியில் ஒரு தக்காளிச் செடியும். "எப்ப பிரிக்கினம்?" என்று கேட்டேன்.

"மழை முடிய."

4

ஓய்வூதியக்காரர் நீண்ட நாள் வெளிநாட்டில் நிற்பதென்றால் இங்கே அறிவிக்க வேண்டும். எல்லாம் கணினியில்தான், என்னைப் போன்றவர்களுக்கு உதவ நகரசபையில், நாங்கள் கொம்மூன என்று சொல்லும் அலுவலகத்தில், ஓர் இளம் பெண் இருந்தாள். பயண நோக்கம் என்ன என்று கேட்டாள். என் தொழிற்சாலை டேனிஷில், "ஒரு குதிரையைப் பெற்றுக்கொள்ள" என்றேன்.

அவள் விரல்கள் நின்றன. "இறக்குமதியா? அதற்கு வேறு பகுதி."

"இல்லை, அது அங்கேயேதான் நிற்கும். மருமகன் வீட்டார் தருகிறார்கள்."

"அப்படியென்றால் குடும்பத்தைப் பார்க்க என்று போடுகிறேன்." தட்டி முடித்த பிறகு, "என்ன நிறம்?" என்று கேட்டாள். அது அலுவலகக் கேள்வி அல்ல.

சுற்றுலாக்காரர் வந்திறங்கும் கரைப்பட்டணமான லபுவான் பாஜோ வரை விமானம். பிறகு மலைமேல் ஏறும் கார். கடைசியில் மர வாங்குகள் அடித்த லொறி. ஆட்களுக்கு நடுவே அரிசி மூட்டை, சீமெந்து, ஒரு பன்றி. கடைசி ஏற்றத்தில் பாதை சேறாக இருந்தது. எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். என்னைத் தள்ள விடவில்லை. பெண் கொடுத்த வீட்டுக்காரர் தள்ளக்கூடாதாம்.

லொறி நின்றதும் இரண்டு பிள்ளைகள் ஓடி வந்து என் இரு கைகளையும் பிடித்தார்கள். "மோர்ஃபா, கொம் ஓ சே." தாத்தா, வந்து பாருங்கோ. சுத்தமான யூலண்ட் டேனிஷ். என் மகளுக்கு வீட்டு மொழி என்று மனதில் இருந்தது அதுதான். அதையே தன் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறாள். என் பிள்ளைகள் எனக்கு டேனிஷில் பதில் சொன்னபோதெல்லாம் கோபித்தவன் நான். அந்த மலையில் என் பேரப்பிள்ளைகளோடு கதைக்க எனக்கிருந்த ஒரே பாதை, சாக்குத் தூக்கியபடி கற்ற அந்த மொழிதான். நன்றியோடு கதைத்தேன்.

ஊரைப் பற்றிக் கேட்பீர்கள். பின்னேரமானால் மூடுபனி இறங்கி வீடுகளை எடுத்துக்கொண்டு போய்விடும். தகரக் கூரை வீடுகள். முற்றமெல்லாம் படங்கு விரித்துக் கோப்பி காயும். கராம்பு காய்கிற நாட்களில் சட்டையிலும் அந்த வாசம் ஏறும். மழைக்கு மண் சரிந்தால் பாதை மூடிவிடும். பிரசவம் சிக்கலானால் ருத்தேங் பட்டணத்துக்குப் போக வேண்டும். உயர்தர வகுப்புக்கும் அங்கேதான். இளம் ஆட்களிற் பலர் மலேசியாவின் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போயிருக்கிறார்கள். இவற்றை மறைத்து எழுத மாட்டேன்.

ஆனால் போனவர்கள் திரும்புகிறார்கள். நான் நின்ற காலத்திலேயே லொறியிலிருந்து பெட்டியோடு ஓர் இளங்குடும்பம் இறங்கியது. முன்பு ஈரக் கோப்பியைத் தரகர் சொன்ன விலைக்குக் கொடுத்தார்கள். இப்போது ஜெனிற்றாவும் ஊர்ப் பெண்களும் காய வைத்துத் தரம் பிரித்து, லபுவான் பாஜோவின் தங்குவிடுதிகளுக்கு நேரே அனுப்புகிறார்கள். பழுத்த காயை மட்டும் பிடுங்க வேண்டும் என்பதற்கு அவள் ஊரோடு சண்டை பிடித்த கதையை அவளுடைய மாமி எனக்கு அபிநயத்தோடு நடித்துக் காட்டினா. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் எந்த வீட்டிலும் கேட்கிறது.

நான் வாத்தியார், ஓர் ஊரைப் பள்ளிக்கூடத்தில்தான் பார்ப்பேன். வகுப்புக்குப் போய், பெரியவரானால் என்ன செய்வீர்கள் என்று மகளைக் கொண்டு கேட்டேன். தாதி, பொலிஸ், குருவானவர். பின் வரிசையில் ஒரு பிள்ளை எழுந்து, விவசாயம் என்றாள். நான் படித்த வகுப்பில் அப்படிச் சொல்லியிருந்தால் கூரை அதிரச் சிரித்திருப்பார்கள். அங்கே ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த பிள்ளை எழுந்து தன் பதிலைச் சொன்னான்.

5

அந்த ஊரில் மன்னிப்புக் கேட்பதற்குச் சேவலும் ஒரு குடுவை கள்ளும் கொண்டு போக வேண்டும். குதிரையை வாங்குவதற்கு முதல் நான் மன்னிப்புக் கேட்பேன் என்று மகளிடம் சொன்னேன். பெரிய வீட்டில் எல்லோரும் பாயில் கூடியிருந்தார்கள். வெள்ளைச் சேவலோடு நான் எழுந்ததும் பெரியப்பா கையை நீட்டித் தடுத்தார். வயதானவர்கள் தலையை ஒன்று சேர்த்துக் கதைத்தார்கள். கதை முடியவே இல்லை.

"என்னவாம்?" என்று மகளைக் கேட்டேன்.

"வழக்கமில்லையாம் அப்பா. பெண் தந்த வீடு ஊற்று மாதிரியாம். ஊற்று வந்து வாய்க்காலிட்டை மன்னிப்புக் கேக்கலாமோ எண்டு சண்டை பிடிக்கினம்."

சேவல் என் கையில் திமிறிக்கொண்டிருந்தது. கடைசியில் பெரியப்பா ஒரு முடிவு சொன்னார். மகள் கேட்டாள், மொழிபெயர்க்கவில்லை.

"என்ன சொல்லுறார்?"

"தங்களிட்டைக் கேக்கத் தேவையில்லையாம்." அவள் நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள். "உங்கடை பிள்ளையிட்டைக் கேளுங்கோவாம். எல்லாருக்கும் முன்னாலை."

அவளுக்கு முன்னால் போய் நின்றேன். வேறு மொழிபெயர்ப்பாளர் இல்லை. நான் அவளிடம் கேட்ட மன்னிப்பை அவளேதான் ஊருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. "நீ ஆரைக் கட்டினாயெண்டு சொல்ல வெக்கப்பட்டன்" என்றேன். சொன்னாள். "இவை தர வந்ததை, கேக்க வந்தவையெண்டு பேசினன்" என்றேன். சொன்னாள், சபையில் சிலர் சிரித்தார்கள், மார்செலும் சிரித்தான். "உண்மை தெரிஞ்ச பிறகும் வரேல்லை" என்றேன். சொன்னாள். "அம்மாவின்ரை செத்தவீட்டிலை உன்னைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு..." என்று தொடங்கி, முழுவதையும் சொல்லி முடித்தேன்.

அதை அவள் மொழிபெயர்க்கவில்லை. சபை காத்திருந்தது.

"இதை நான் வைச்சுக்கொள்ளுறன், அப்பா" என்றாள். பிறகு, "சேவலைக் கழுத்திலை பிடிக்காதேங்கோ, செத்துப்போகும். காலைப் பிடியுங்கோ" என்று சொல்லி வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கொண்டாட்டம். கபில நிறக் குதிரையின் கயிற்றை என் கையில் தந்தார்கள். எருமையின் கயிற்றையும் தந்தார்கள். ஒன்று இந்தப் பக்கம் இழுக்க, மற்றது அந்தப் பக்கம் இழுக்க, நடுவில் கோட்டுச் சூட்டோடு கிரின்ஸ்டெட் கணித வாத்தியார். அருளுக்கு அனுப்பிய படத்தை அவன் இன்னும் தன் தொலைபேசி முகப்பில் வைத்திருக்கிறான்.

சில நாட்களில் நிலம் பிரித்தார்கள். வட்டத்தின் நடுவில் ஒரு கம்பு நட்டு, ஒவ்வொரு பங்கையும் அந்தக் கம்பில் விரல் வைத்து அளக்கிறார்கள். அங்கிருந்து கயிறு வெளி எல்லைவரை விரிந்து போகும். மேட்டில் நின்று பார்த்தால் சிலந்தி வலை. நடுவில் விரலகலம், எல்லையில் ஒரு வயல். இரண்டு ஆரைகளுக்கு நடுவே விரியும் இந்த வட்டத் துண்டை, ஆரைச்சிறையை, எத்தனையோ வருடங்கள் கரும்பலகையில் கீறியிருக்கிறேன். அதில் நெல் விளையும் என்று அன்றுதான் கண்டேன். என் பேரப்பிள்ளைகளின் பெயர் சொல்லி, பெரியப்பா தன் பெருவிரலைக் கம்பில் வைத்தார். இரண்டு தரம் வைத்தார். பெண்பிள்ளைக்கும் வைத்தார், முன்பு அப்படி வைப்பதில்லையாம்.

6

திரும்பி வந்ததும் எங்கள் ஒன்றுகூடலில் ஒலிவாங்கியை வாங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அதிர்ச்சியடைய ஒருவரும் இருக்கவில்லை. கை தட்டினார்கள். "குதிரைக்குச் சிங்கப்பூரிலை என்ன வேலை மாஸ்டர்?" என்று சேவியர் பின்னாலிருந்து கேட்டார். இப்போது எஸ்பியர்க்கில் நான் குதிரை மாஸ்டர். பட்டம் பிடித்திருக்கிறது.

மார்செலுக்கான அழைப்பை நானே நிரப்பி அனுப்பினேன். வந்து நின்றான். றீற்றாவின் கல்லறைக்குக் கூட்டிப் போனேன். என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லி, தன் மொழியில் நெடுநேரம் அவளோடு கதைத்தான். என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. அது அவனுக்கும் மாமிக்கும் உள்ள கதை.

றீற்றா அந்தக் குதிரையைப் பார்க்கவில்லை. அதற்கு என்னிடம் பரிகாரம் இல்லை. மற்றதெல்லாம் நிறைந்து கிடக்கிறது.

இன்னொன்றும் நடந்தது, இதை நான் எதிர்பார்க்கவில்லை. பெண் கொடுத்த வீட்டைக் கேட்காமல் அவர்கள் பெரிய காரியம் எதையும் தொடங்குவதில்லை. கூரை மாற்றவும் கேட்கிறார்கள், எருமை கன்று போட்டாலும் சொல்கிறார்கள். என் வீட்டில் என்ன கறி வைப்பது என்று கேட்கவும் ஆளில்லாத எனக்கு, ஒரு மலை முழுவதும் தொலைபேசி எடுக்கிறது.

போன வாரம் காலை, வெளியே பனியை வழித்துவிட்டு உள்ளே வந்தபோது தொலைபேசி அடித்தது. அங்கே மத்தியானம். படத்தில் பெரிய வீடு, பாய்கள், வரிசையாக ஆட்கள், ஆவி பறக்கிற சோறு. புது வயலின் முதல் அறுவடை. பெரியப்பா ஏதோ சொன்னார். என் பேத்தி முன்னால் வந்து டேனிஷில் சொன்னாள்: இது எங்களுடைய பங்கில் விளைந்த அரிசி, நீங்கள் சொல்லும்வரை ஒருவரும் சாப்பிடக்கூடாதாம், தனக்குச் சரியான பசி.

அத்தனை பேரும் கையைக் கழுவிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோற்றுக்குப் பின்னால் என் மகள் இருந்தாள்.

"சாப்பிடுங்கோ" என்றேன்.

அவள் அதைச் சபைக்குச் சொன்னாள். எல்லோரும் சாப்பிடத் தொடங்கினார்கள்.